பழைய வட்டம்

18 மே, திங்கள்.

இன்று தையல் வகுப்பில் ரவிக்கைக் கழுத்தை வரைந்த கோட்டுக்கு வெளியே வெட்டிவிட்டேன். மல்லம்மா மேடம் துணியைத் தூக்கிப் பிடித்து அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "சின்னதா வெட்டியிருந்தா பெருசு பண்ணிக்கலாம். இதை என்னம்மா பண்றது, பாவாடையா கட்டிக்கிறதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றன்று செய்த பிழையை அன்றே எழுதிவைக்க வேண்டும் என்பது மேடம் சொன்ன பழக்கம். எழுதிவிட்டேன். கூடவே இன்னொன்றையும் எழுத வேண்டும். அதற்குப் பிழை என்ற சொல் பொருந்துமா என்று தெரியவில்லை.

என் அம்மா சகாயமேரி, ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பிப்ரவரியில் அவருக்குக் குடல் அறுவை நடந்தது. சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள். அதை ஸ்டோமா என்கிறார்கள். சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதன்மேல் ஒரு பை. பையைத் தாங்கும் தட்டு தோலில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டோமா வெளியே வர அந்தத் தட்டின் நடுவில் நாமே ஒரு வட்டம் வெட்ட வேண்டும். வெட்டுவது என் வேலை. அம்மா தன் ஸ்டோமாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் மாற்றி முடிக்கும்வரை சுவரில் தொங்கும் மாதா காலண்டரைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

முதல் தவறு உண்மையிலேயே தவறுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அட்டையில் வரைந்துகொண்ட வட்டத்தையே வைத்து, ரவிக்கைக்கு விடுவதுபோல் கொஞ்சம் லூஸும் விட்டு வெட்டிவந்தேன். இறுக்கினால் அம்மாவுக்கு வலிக்குமே என்று நினைத்தேன். குருத்து ஞாயிறு பூசையில் தட்டின் ஓரம் கசிந்தது. அம்மா குருத்தோலையை இடுப்புக்கு நேரே மறைத்துப் பிடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பற்றினார். ஆட்டோ வீட்டுக்கு வந்து சேரும்வரை விடவில்லை. சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போடும்போது, நோட்டிலிருந்து தள்ளிவிடுவதற்குத்தான் அந்தக் கையைத் தொடுவார். அன்று, "நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா செத்தே போயிருப்பேன் ஷாரன்," என்றார். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் ரயானைப் பற்றி அன்று பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்டோமா கிளினிக்கில் நிர்மலா சிஸ்டர் ஓர் அளவு அட்டையை வைத்துக் கன்னடம் கலந்த தமிழில் விளக்கினார். "நோடம்மா, வீக்கம் இறங்க இறங்க ஸ்டோமா சின்னதாகும். ஒவ்வொரு வாட்டியும் அளந்து வெட்டணும். சுத்தித் தோல் தெரிஞ்சா, வர்றதெல்லாம் அதுமேல பட்டு வெந்துடும். ஆய்தா?"

ஆய்து, சரி என்றேன். புரிந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அன்று அளந்து, சரியாக வெட்டினேன். அடுத்து மாற்றும்வரை ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அம்மா தனியாக மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை வாங்கி வந்தார். ஜூனில் வேலைக்கு வந்துவிடுவதாகத் தலைமையாசிரியைக்குப் போன் செய்தார். என்னிடம், "இனிமே நானே மாத்திக்கக் கத்துக்கறேன். நீ உன் கிளாஸுக்குப் போ. அதையாவது உருப்படியா முடி," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அடுத்த தட்டில் பழைய வட்டத்தை வரைந்தேன். கோட்டின்மேலேயே கத்தரி போனது. மேடம் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

அதன்பிறகு தோல் சிவந்தது, உரிந்தது, நீர் கோத்தது. நான் பவுடர் போட்டேன், பேஸ்ட் தடவினேன், படுக்கைவிரிப்பைத் துவைத்தேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பைதான் சரியில்லை என்று அம்மா நம்பியதால் வேறு கம்பெனிப் பை, பெல்ட் மாட்டுகிற பை எல்லாம் வாங்கி வந்தேன். அக்ரஹாரத்து மருந்துக்கடைக்காரர், அளவைச் சொன்னால் வட்டம் வெட்டியே வருகிற தட்டு வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். நாங்களே வெட்டிக்கொள்வதுதான் எங்களுக்கு வசதி என்றேன். கிளினிக்குக்குப் போகிற நாளில் மட்டும் சரியான அளவில் வெட்டி ஒட்டினேன். தோல் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று சிஸ்டர் கேட்டபோது, அம்மாவுக்கு வியர்வை அதிகம் என்றேன். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

இன்று வகுப்பு முடிந்து வந்தபோது அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வர முடியாது, வேறு டீச்சரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டாராம்.

"போர்டுல எழுதிட்டிருக்கும்போது கசிஞ்சா, பசங்க முன்னாடி எப்படிடி நிப்பேன்? என் தோலே சரியில்ல. உன்னையும் வேற கட்டிப் போட்டுட்டேன். மன்னிச்சிடு."

அம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அது பொய் அழுகை இல்லை. அம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பரவால்ல மம்மி, நான் இருக்கேன்ல," என்று வந்தது.

அம்மாவின் வயிற்றைப் புண்ணாக்கியது நான்தான். சரியான அளவு தெரிந்தே பெரிதாக வெட்டினேன். பள்ளிக்கூடத்தை அவரிடமிருந்து பிடுங்கியதும் நான்தான். இதை நிறுத்தத்தான் போகிறேன். ஆனால் இப்போது ஸ்டோமாவைச் சுற்றித் தோல் உரிந்து கிடக்கிறது. சரியான அளவில் வெட்டினால் தட்டு புண்மேலேயே ஒட்டும். அம்மாவுக்கு எரியும். ஆறும்வரை அவரை வருத்தக் கூடாது.

நாளை காலை அம்மா எதுவும் சாப்பிடுவதற்கு முன் பை மாற்ற வேண்டும். பழைய வட்டம்.