பின் சீட்டு குடித்த கரண்ட்

மத்தியானம் பன்னிரண்டு மணி. பாபநாசத்துக்கு மேலே மலை ஏறுகிற ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. முத்துமாலை ஒன்றுக்குப் போக இறங்கினான். திரும்பி வந்து சாவியைத் திருகினான். டிக்... டிக்... அவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடி வந்த கார். பேட்டரி செத்துக் கிடந்தது.

“பட்டப்பகல்ல எந்தப் பேயிவே வரும் ஜாஸ்பர் அண்ணாச்சி?” என்று சிரிக்கிறீரே மதார்... பேய் உம்மிடம் மணி கேட்டுவிட்டா வரும்? மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது, கல்யாண வீட்டார் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. கதை வேண்டுமென்றால் வாயை மூடிக் கேளும். இல்லையென்றால் போய் உம் வேனில் தனியாகப் படும். ம்... போகமாட்டீர், தெரியும்.

தச்சநல்லூரில் இருபது வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறேன். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் இது என் கடையில் நடந்தது. என் மீட்டரில் நானே பார்த்தது.

முத்துமாலை என் சேக்காளி ஒருவனின் மாமன் மகன். அந்தக் காரை அவனுக்குக் கொடுத்தது அவன் தங்கச்சி புருஷன் செந்தில்முருகன். இரண்டு பேரும் சின்ன வயதிலேயே ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதனால்தான் தங்கச்சி சித்ரலேகாவை அவனுக்கே கட்டிக் கொடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் செந்தில்முருகன் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். “மச்சான், அவ எவங்கூடயோ போயிட்டா... போனயும் அணச்சுப் போட்டுட்டா.” முத்துமாலை அப்படியே நம்பினான். தேடவில்லை. போலீசுக்கும் போகவில்லை. நேராகப் பாபநாசம் படித்துறைக்குப் போய் மூன்று முங்கு முங்கி, போட்டிருந்த சட்டையை ஆற்றோடு விட்டு, கூடப்பிறந்தவளைத் தலைமுழுகிவிட்டு வந்தான். அடுத்த மாதமே செந்தில்முருகன் சார்ஜாவுக்குப் போய்விட்டான். போகும்போது, “நீயே ஓட்டு மச்சான்” என்று கார் சாவியைக் கொடுத்தான். அட மடப்பயலே என்று அன்றைக்கே நாலு அறை விட்டிருக்கலாம். நானும்தான் விடவில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். அப்புறமாக அந்த வழியே வந்த எவனோ ஒரு புண்ணியவான் தன் பேட்டரியிலிருந்து வயர் கொடுக்க, முத்துமாலை ஸ்டார்ட் செய்து நேரே என் கடைக்கு வந்தான். நிறுத்தினான். மறுபடியும் டிக்... டிக்.

பேட்டரி புதுசு. நான் போட்டுக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டைனமோ பதினாலு வோல்ட் சுத்தமாகக் கொடுக்கிறது. அப்படியானால் எங்கேயோ திருட்டுத்தனமாகக் கரண்ட் போகிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோர்த்தேன். கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. சாவி என் பையில். மீட்டர் ஒன்பது ஆம்பியர் காட்டுகிறது! ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் போனால்தான் அவ்வளவு இழுக்கும். அப்படி இழுத்தாலும் புது பேட்டரி சாக மூன்று, நாலு மணி நேரமாவது ஆகும்; இது ஒன்றுக்குப் போய் வருவதற்குள் செத்திருக்கிறது.

ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினேன். ரேடியோ... இல்லை. உள் லைட்... இல்லை. பின் சீட்டு சார்ஜர் ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் பொசுக்கென்று பூஜ்யத்துக்கு வந்தது. திரும்பச் சொருகினேன். ஒன்பது.

பின் கதவைத் திறந்தேன். சார்ஜர் ஓட்டையில் ஒன்றுமே சொருகவில்லை. ஆனால் தொட்டால் சுடுகிறது. அந்தச் சார்ஜரையே கழற்றி, வயர் இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றினேன். அப்போதும் ஒன்பது. அப்புறம்தான் அந்த வாசம்... நனைந்து அழுகிய பிச்சிப்பூவும் ஈர மண்ணும் கலந்த மாதிரி.

முன்னால் ஓடி அந்த ஃப்யூஸைப் பிடுங்கினேன். “ஃப்யூஸ எடுத்துட்டேன். வண்டி சரியாயிரும். இதோட விட்டுரு” என்றேன்.

முத்துமாலை அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“லே ஜாஸ்பரு... அவ அங்கனதாம்லே உக்காருவா. ஏறுன உடனே போன சார்ஜுல சொருகுவா.”

“சும்மா இரு முத்துமாலை.”

“எவங்கூடயும் போவலலே அவ. அந்த நாயி அழுதத நம்பி, எந்தங்கச்சிய நானே தலமுழுவிட்டேன். கூட்டுக்காரன்னு நம்புனேம்லே!”

வாய் விட்டு அழுதான். அழுதுகொண்டே என் கையிலிருந்த ஃப்யூஸைப் பிடுங்கிச் சொருகினான். நான் தடுத்துப் பார்த்தேன். தள்ளிவிட்டான். கடையிலிருந்த பெரிய சார்ஜரை இழுத்து வந்து பேட்டரியில் அவனே மாட்டினான்.

“பாதியிலயே பேட்டரி செத்துச் செத்துதான அவளுக்குச் சார்ஜு நெறைய மாட்டேங்கு? இன்னைக்கு நெறையட்டும்.”

உட்கார்ந்தோம். ஒன்பது... ஒரு மணி நேரம் கழித்து ஆறு... அப்புறம் மூன்று... ஒன்று. போனில் சார்ஜ் நிறைய நிறைய இப்படித்தான் பையக் குறையும். இருட்டுகிற நேரம், மீட்டர் பூஜ்யம் காட்டியது. காலிச் சீட்டிலிருந்து ஒரு சத்தம். “டிங்.”

ஐந்து நிமிஷம் இருக்கும். முத்துமாலையின் போன் அடித்தது. செந்தில்முருகன். ஸ்பீக்கரில் போட்டான்.

“மச்சான்... மச்சான்...” பல் தந்தியடிக்கிறது. “அவ நம்பர்ல இருந்து போன் வருது மச்சான். கட் பண்ணப் பண்ண வருது. அது எப்படி வரும்? அந்தப் போன அவ கூடவே போட்டுத்தான மூடுனேன்...”

சொல்லிவிட்டான். சொன்னது என்னவென்று அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

முத்துமாலை கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. “எடுத்துப் பேசு மாப்பிள” என்றான்.

அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. வைத்துவிட்டான் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

அதே போனில், நிதானமாக, ஒரு பெண் குரல்.

“அண்ணே... நீயுமா என்னயத் தேடல?”