வலது தோளுக்கு டபுள் துணி

அட, டீயில ஒண்ணும் கலக்கலீங்க. அத ஏன் அப்புடிப் பாக்கறீங்க? இங்க குடுங்க, நானே ஒரு வாய் குடிச்சுக் காட்டறன். ம்... பாத்தீங்களா? சக்கரை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். அம்மிணி, இவருக்கு வேற டம்ளர்ல ஊத்திக் குடு. அவதானுங்க சித்ரகலா, என்ற ஊட்டுக்காரி. இங்க ஓடற மிசினுக்கெல்லாம் அவதான் மொதலாளி. நான் வெறும் கட்டிங் மாஸ்டர். ஆனா அனுப்பர்பாளையத்துல வந்து மிலிட்டரி மணியன் கம்பெனின்னு கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க.

உங்க ஸ்கூல் பனியன் தயாருங்க. பெட்டி கட்டி அந்த மூலையில அடுக்கியாச்சு. குடுக்கறன், என்ன அவசரம்? குடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு ரெண்டு கேட்டுக்கலாம்னுதான். ஷட்டருங்களா? நாந்தான் பாதி எறக்கச் சொன்னன். எதிர்வெயில் கண்ணக் குத்துது. உக்காருங்க.

இந்த மொதல்ல குடிச்சுப் பாக்கறதெல்லாம் பட்டாளத்துப் பழக்கமுங்க. எம்பத்தெட்டுல அமைதிப்படைன்னு எங்களக் கப்பல் ஏத்தி யாழ்ப்பாணம் கொண்டுபோனாங்களே, அப்பப் புடிச்சது. வெளிக்கெணத்துத் தண்ணின்னா எவனாச்சும் ஒருத்தன் மொதல்ல குடிக்கோணும். மத்தவன் எல்லாம் அவன் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பான்.

சண்டைன்னா நெதமும் வெடிச் சத்தம்னு நெனச்சுக்காதீங்க. முக்காவாசி நாள் மணல்மூட்டைய அடுக்கறது, மழை பேஞ்சு சரிஞ்சா மறுக்கா அடுக்கறது. வெடியால ரொட்டி, பருப்பு. மத்தியானம் பருப்பு, ரொட்டி. முள்கம்பி நெடுகக் காலி டப்பாவக் கட்டி வெச்சிருப்பம், எவன் தொட்டாலும் சத்தம் வரட்டும்னு. காத்தடிச்சாலும் வரும், ஓணான் ஏறினாலும் வரும். ஒரு ஓணானுக்காக ஒரு கேம்ப்பே குப்புறப் படுத்திருக்குதுங்க!

அதுல எங்களாட்டத் தமிழ் ஆளுங்க பாடு தனி. எங்க பேச்சக் கேட்டதும் ஊர்ச்சனம், நீயுமாடா வந்தேங்கற மாதிரி பாக்கும். அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திரும்பினா, ஹவில்தார் வடக்கத்தி ஆளு, என்ன பேசினேம்பான். வாழப்பழம் என்ன வெலைன்னு கேட்டனுங்கன்னா நம்ப மாட்டான். பழத்தக் காட்டினா உரிச்சுப் பாப்பான். சந்தேகத்த எனக்கு அங்க சோத்தோட பெணஞ்சு போட்டுட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

ஏனுங்க, ஸ்கூலு எங்கன்னு சொன்னீங்க? கொடைக்கானலுங்களா? போன வாரம் ஏற்காடுன்னீங்க. செரி செரி, ரெண்டும் மலைதான.

ராபின்னு ஒருத்தன், தூத்துக்குடிக்காரன், என்ற பக்கத்துப் படுக்கை. துணி தொவைக்கறதுல அவன அடிச்சுக்க ஆளில்ல. எங்களுக்கு வெள்ள பனியன்தான குடுத்திருந்தாங்க. டீத்தூளக் கொதிக்க வெச்சு அத்தனையையும் அதுல முக்கி எடுன்னு உத்தரவு. சாயப்பட்டறை வேலைய நான் மொதல்ல பழகினதே அங்கதானுங்க! ராபின் மட்டும் ஒண்ண ஒளிச்சு வெள்ளையாவே வெச்சிருந்தான், ஞாயித்துக்கிழம செபத்துக்குப் போட்டுக்க. ஒரு நாள் பொழுதோட அதையே போட்டுட்டுத் தண்ணி வாக்கக் கெணத்தடிக்குப் போயிட்டான். பொழுது எறங்கறப்ப மத்ததெல்லாம் மங்கிரும், வெள்ள மட்டும் பளிச்சுன்னு நிக்குமுங்க. ஒரே வெடி. வாளி மட்டும் உருண்டுட்டே போச்சு.

இல்லீங்க, அழுகல. பஞ்சுத் தூசி.

எங்க சென்ட்ரி வெடி வந்த பக்கமாத் திருப்பிச் சுட்டான். வெடிஞ்சதும் போய்ப் பாத்தம். கம்பிக்கு அக்கட்டால ஒருத்தன் குப்புறக் கெடந்தான். பச்சச் சட்ட, லொடலொடன்னு, கைய மடிச்சு மடிச்சு உட்டிருந்துது. வலது தோள்ல உள்பக்கமா ஒரு கைக்குட்டைய மடிச்சு வெச்சுத் தெச்சிருந்துது, கைத்தையல். எதுக்குன்னு எங்களுக்கு ஒடனே புரிஞ்சுது. சுடறப்பத் துப்பாக்கிக் கட்ட பின்னால ஒதைக்குமுங்க, பழகாத தோளு கன்னிப்போயிரும். அப்பறந்தான் திருப்பிப் போட்டு மூஞ்சியப் பாத்தம். மீசையே மொளைக்கல. அன்னைக்கு எனக்கு அளவு தெரியாதுங்க. இன்னைக்குன்னா பாத்ததுமே சொல்லீருவன். இருபத்தெட்டு சைஸ்.

உங்க செல்லு அடிக்குதுங்க. எடுக்கலீங்களா? செரி.

உங்க ஆர்டரும் இருபத்தெட்டும் முப்பதுந்தான். எல எலயாப் பச்சச் சாயம். லேபிள் வேண்டாம்னீங்க. வலது தோளுக்கு மட்டும் டபுள் துணின்னீங்க. ஏன்னு கேட்டதுக்கு, பேக்கு வாரு அறுக்குதுங்க, கொழந்தைக பாவம்னீங்க. ஸ்கூல் பேக்குக்கு ரெண்டு வாரு இருக்குமேங்க? இடது தோளு என்னங்க பாவம் பண்ணுச்சு?

நான் இதச் சொன்னப்ப சித்ரகலாவுக்கு ஆகல. துணி தெச்சுக் குடுத்தா நம்ம சோலி முடிஞ்சுது, இந்த ஆர்டர் போச்சுன்னா கடன் குடுத்தவங்க மிசின ஏத்திட்டுப் போயிருவாங்கன்னு சண்ட. அவ சொல்றதும் நாயந்தான். நான் ஒரு இருபத்தெட்ட வெட்டி மேசமேல விரிச்சு வெச்சன். நின்னு பாத்துட்டே இருந்தா. அப்பறம், நம்ம பையனுக்குச் சரியா இருக்குமாட்டம் இருக்குதுங்கன்னா. அவன் எட்டாவது படிக்கறானுங்க.

இந்தாங்க கத்திரி. பெட்டியப் பிரிங்க.

ஆமாங்க, வெள்ள. சலவையோட நிறுத்திட்டன், சாயப்பட்டறைக்கே அனுப்பல. அத்தன பீஸும் அப்புடித்தான், அடிப்பெட்டி வரைக்கும் பாத்துக்கங்க. ஸ்கூல் கொழந்தைகளுக்கு வெள்ளதானுங்களே லட்சணம்? தோளும் ரெண்டு பக்கமும் டபுள் துணி வெச்சாச்சு, பேக்குக்குத் தோதா. இன்னொண்ணும் பண்ணித் தர்றன், அதுக்குக் காசு வேண்டாம். நெஞ்சுல ஸ்கூல் பேரு, தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியறாப்பல பெருசா. பிரிண்டிங்காரன் எதுத்த கடையில உக்காந்திருக்கறான்.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? ஷட்டர் தலையில இடிக்கும், பாத்து. நான் தூக்கி உடறன், இருங்க.

பேர மட்டும் சொல்லீட்டுப் போங்க.