குளிரறையின் மணி

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை. நன்றாகப் போட்டாலும் மோசமாகப் போட்டாலும் போடுபவருக்கு ஒரே கூலிதானே.

மனிதர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்வி எனக்கு எப்போதுமே சலிப்பூட்டும். எதைச் செய்தால் ஆதாயம், எதைச் செய்தால் நட்டம் என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்லிவிடுவேன்.

எங்கள் மீன் கிடங்கின் குளிரறையைப் பார்த்துவிட்டீர்கள். கனத்த கதவு. உட்புறம் ஒரு கைப்பிடி, பக்கத்தில் சிவப்புப் பொத்தான். கைப்பிடி பனியில் இறுகி உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி மணி அலறும். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்பது விதி. லாரிகள் காத்து நிற்கும். மேலிடம் என்னைத்தான் பிடித்துக்கொள்ளும், மேலாளர் ஆயிற்றே.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். மணி அடிக்காமல் ஒரு மாதம் போனால், அடுத்து வரும் சனிக்கிழமை எல்லாருக்கும் விடுமுறை. ஒருவர் அடித்தாலும் ஒருவருக்கும் இல்லை. கவனியுங்கள், பொத்தானை நான் தொடவில்லை. அதன் காவலை மட்டும் அவர்களிடமே விட்டேன்.

மணி நின்றது. கதவு இறுகுவது நிற்கவில்லை. மாட்டிக்கொண்டவர் கையால் தட்டுவார். போகிறவர் வருகிறவர் திறந்துவிடுவார். கைப்பிடியை மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக்.

"மணியே அடிக்கலையே, எதை வச்சு மேல கேக்குறது?" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. அவருக்கும் சனிக்கிழமை வேண்டுமே.

அப்போதுதான் என் தங்கையின் கணவரை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். விவரம் தெரியாதவர், முதல் மாதமே பொத்தானை அழுத்திவிட்டார். வெளியே வந்தவரை எடை போடும் அக்கா இடுப்பில் கைவைத்து வரவேற்றார்.

"வாங்க மகராசா! எங்க எல்லார் சனிக்கிழமையையும் ஒரே வாயில முழுங்கிட்டீங்களே, செரிச்சுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

"விரலெல்லாம் மரத்துப்போச்சு மச்சான், அதான் அடிச்சேன்," என்றார் என்னிடம்.

"தப்பே இல்ல மாப்பிள்ளை. இனியும் அடிங்க. யார் என்ன சொல்லிடுவாங்க?"

"செத்தாலும் அடிக்க மாட்டேன்."

பேச்சுக்குச் சொன்னதுதான். எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்த மாதத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. தாய்வீட்டில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. மகளின் முகத்தை மாப்பிள்ளை இன்னும் பார்க்கவில்லை. மறுநாள் விடுமுறையில் போவதாக இருந்தார்.

அன்று ஆட்களை ஏன் பின்கட்டுக்கு அனுப்பினேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அங்கே தரை கழுவ வேண்டியிருந்தது. மணி அங்கேயும் கேட்கும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை பெட்டி அடுக்கக் குளிரறைக்குள் போனார்; கைப்பிடி வழக்கம்போல் இறுகிக்கொண்டது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் மரியாதையாகத் தட்டினார். பிறகு இரண்டு கையாலும். "யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மச்சான்?" என்றார். பதில் சொல்லியிருந்தால் சோதனை கெட்டுப்போயிருக்கும். தட்டும் சத்தம் மெல்லக் கீழிறங்கி, கதவின் அடியிலிருந்து வந்தது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை.

கதவை நான் பூட்டவில்லை. ஒரே ஒரு முறை மணி அடித்திருந்தால் அந்தக் கணமே திறந்திருப்பேன். என் தங்கையின் கணவர் அல்லவா.

மறுநாள் எல்லாருக்கும் விடுமுறை விட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவனை அடுத்த முறை யார் நம்புவார்கள்?