கரண்ட் போனால் வருகிறவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் திரு. பலராமன் ஐயா அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அண்ணன் நாகப்பன் அவர்களே, தோத்தாத்ரி சாரின் துணைவியார் ஹேமாம்புஜம் அம்மா அவர்களே, ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஒரகடம் தொழிற்சாலையின் இந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியிருக்கும் சகோதர சகோதரிகளே! புதுப் பொருள் பிரிவில் சோதனை வேலை பார்க்கும் எழிலரசி பேசுகிறேன்.

போன மாதம் வரைக்கும் இதே கூடத்தில் நான் பேச எழுந்தால், "சுருக்கமா சொல்லும்மா, பஸ் போயிடும்" என்று சொல்ல ஒருவர் இருந்தார். இன்றைக்கு எவ்வளவு நேரம் பேசினாலும் தடுக்க ஆளில்லை.

நமக்குச் சோறு போட்டது எது? ஸ்டெபிலைசர். டி.வி.க்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று என்று செய்துகொண்டே இருந்தோம். "ஏறி இறங்கற கரண்ட்டைச் சரி பண்றோம், சரி. வராத கரண்ட்டுக்கு என்ன பண்றோம்?" என்று கேட்டவர் யார்? நம் புதுப் பொருள் பிரிவு மேலாளர் தோத்தாத்ரி சார்! அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் நம் இன்வர்ட்டர்.

முதல் பெட்டி சோதனை மேசையில் பிரமாதமாக ஓடியது. நாம் எல்லோரும் கைதட்டினோம். அவர் தட்டவில்லை. "முதல்ல நம்ம மனுஷா ஆத்துல ஓடட்டும். அப்புறம் கடைக்குப் போகலாம்" என்றார். எந்தப் புதுப் பொருளுக்கும் அவர் வைத்த வழக்கம் அது. குன்றத்தூரில் நம் பிரிவு சந்திரம்மாள் அக்கா வீட்டுக்கு ஒரு பெட்டி போனது. மணிமங்கலத்தில் என் வீட்டுக்கு ஒன்று.

கொஞ்ச நாளிலேயே சந்திரம்மாள் அக்கா அவரைப் பெட்டி பூட்டும் லைனில் மடக்கினார். "இன்னா சார் பொட்டி குட்த்துகீறீங்க? கரண்ட் போனா பத்து நிமிசம், அத்தோட படுத்துக்கினு கீது. எங்க வூட்டுக்காரரே தேவல சார்!"

லைன் முழுக்கச் சிரிப்பு. "அவரையும் கூட்டிண்டு வாம்மா, ரெண்டையும் சேர்த்தே ரிப்பேர் பண்ணிடலாம்" என்றார் சார்.

சிரித்ததோடு விட்டாரா? நேரே என் வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். பொழுது சாய்ந்தால் எங்கள் ஊரில் குண்டு பல்பு சிவப்பாகத்தான் எரியும். அந்த மெலிந்த கரண்ட்டில் பேட்டரி நிரம்பவே இல்லை. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயோ எழிலரசி! நம்ம சோதனை மேசைக்கே நம்ம ஸ்டெபிலைசரைன்னா மாட்டி வெச்சிருக்கோம்! அங்கே கரண்ட் எப்பவும் சீராத்தானே வரும்!"

ஸ்டெபிலைசர் செய்கிறவர்களைத் தவிர வேறு யார் செய்வார்கள் இந்தத் தவறை!

கரண்ட் போனால் ஊரே திட்டும். சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். இங்கே விளக்கு அணைந்தால் மணிமங்கலத்திலும் அணைந்திருக்கும் என்று உடனே ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். இருட்டுக்குள் எங்கள் வாசலில் அந்தச் சத்தம் வந்து நிற்கும். "பையன் முழிச்சுண்டானா? ஃபேன் எப்ப நின்னுது?" என் மகனுக்கு இழுப்பு. காற்று நின்றால் அவனுக்கு மூச்சுத் திணறும். பார்த்துக்கொண்டு நிற்கும் எனக்கும் திணறும். அது அவருக்குத் தெரியும். விசிறிமட்டையை வாங்கி அவரே வீசியதும் உண்டு.

மெலிந்த கரண்ட்டிலும் நிரம்புகிற மாதிரி பெட்டியை மாற்றி அமைத்தார். பூட்டி முடித்தோம். அதை வீட்டுக்கு அனுப்புவதற்குள் அவர் இதயம் நின்றுவிட்டது. என்ன அவசரம் சார் உங்களுக்கு?

பலராமன் ஐயா, புதுப் பிரிவை மூடிவிட்டு ஸ்டெபிலைசரோடு நின்றுகொள்ளலாம் என்று நீங்கள் யோசிப்பதாகக் கேள்விப்படுகிறோம். ஒருமுறை ஓடாத பெட்டி. உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பிரிவில் இருக்கிற பெண்களில் பாதிப் பேர் தற்காலிகம் ஐயா. மூடினால் அவர்களுக்கு இங்கே வேறு இடமில்லை. ஆகவே இரங்கல் கூட்டம் என்றும் பாராமல் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

மாற்றிய பெட்டியைப் போன வாரம் என் வீட்டில் மாட்டினோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போனது. தெருவே இருட்டு. எங்கள் வீட்டில் விளக்கு அணையவில்லை, ஃபேன் ஓடியது, பிள்ளை புரண்டுகூடப் படுக்கவில்லை. கரண்ட் திரும்பி வரும் வரை பெட்டி தாக்குப்பிடித்தது!

ஹேமாம்புஜம் அம்மா, நான் துள்ளியிருக்க வேண்டாமா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். இப்போது வந்துவிடுவார், இப்போது வந்துவிடுவார் என்று. கரண்ட்தான் வந்தது.

அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி எங்கே கரண்ட் போனாலும் நாங்கள் போகிறோம். சந்திரம்மாள் அக்கா வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு அக்கா. பஸ் இல்லாவிட்டால் நடந்து. எங்கள் வீட்டு இருட்டைத் தாண்டாத பெட்டி எதுவும் கடைக்குப் போகாது. இது புதுப் பிரிவுப் பெண்கள் சாருக்குக் கொடுக்கும் வாக்கு.

அடுத்த பெட்டிகளுக்குச் சாமான் வேண்டும், ஐயா. வாங்கித் தாருங்கள். நன்றி, வணக்கம்.