ஜெயசீலனுக்கு நான் கூட்டி வைத்த எண்

மராத்தி பேசுகிற இந்த ஊரில் என் பெயரைக் கேட்டதும் "ஜான்சி கி ராணியா?" என்று ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் யாரும் மேலே பேசுவார்கள். விசாரணை அறையில் நீங்கள் சிரிக்கவில்லை, சுந்தரராமன் சார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நடந்ததைச் சொந்த வார்த்தையில் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் சென்னைக்காரர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். கட்கி சர்ச்சில் ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழ்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் ஆபீஸில் சாப்ட்வேர் கோளாறு எழுதிப் போடுகிற மாதிரியே வருகிறது.

யாரும் என்னைத் தூண்டவில்லை. பக்கத்து மேஜை மனோஜுக்கு இதில் பங்கு கிடையாது. கண்டுபிடித்தவரே அவர்தான், அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

நீங்கள் நம் கம்பெனியின் ஆன்லைன் டாங்கி விளையாட்டை ஆடியதில்லை என்றீர்கள். ஆகவே ஆள் பிரிக்கிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் என் வேலையும். ஒரு சண்டைக்கு முப்பது பேர், பக்கத்துக்குப் பதினைந்து. இரண்டு பக்கமும் கனமான டாங்கி, இலேசான டாங்கி எல்லாம் சரிக்குச் சரி இருக்கிறதா என்று, ஆட்டத்தை நடத்துகிற சர்வர் கம்ப்யூட்டர் பார்க்கும். அடுத்தது ஆட்கள். ஒவ்வொருவருக்கும் திறமை எண் ஒன்று உண்டு, ஆடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. நேற்று வந்தவருக்கு ஐநூறு, சுமாரானவருக்கு ஆயிரம், கைதேர்ந்தவருக்கு ஆயிரத்தைநூறுக்கு மேல். இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறபடி சர்வர் ஆட்களைப் பிரித்துப் போடும்.

இதை நான் சின்ன வயதிலேயே போபோடி சந்தில் கற்றுக்கொண்டேன். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது ஓடத் தெரியாத வாண்டு ஒன்று எப்போதும் மிஞ்சும். உங்கள் பக்கம் உப்புக்குச் சப்பாணி என்பீர்கள், இங்கே கச்சா லிம்பு. எந்தப் பக்கம் பலமான பையன் இருக்கிறானோ அந்தப் பக்கம் அதைத் தள்ளிவிடுவோம். அப்போதுதான் ஆட்டம் சமம். சர்வரும் அதையே செய்கிறது, சார், கொஞ்சம் வேகமாக.

என் கணவர் ஜெயசீலன் ஆகுர்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தார். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற இடம். வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று மெஷினில் கைக்குப் பாதுகாப்பான தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து அரை டஜன் ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் அவர் வீடு தங்குகிற ஆள் இல்லை. ஷிப்ட், ஓவர்டைம், அது முடிந்தால் சிநேகிதர் காசிமோடு கேரம். நான் ஒருத்தி வீட்டில் இருப்பதே அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும். விபத்துக்குப் பிறகு எட்டு மாதம் அவருக்குச் சட்டைப் பித்தான் நான் போட்டுவிட்டேன், சோறு நான் பிசைந்து ஊட்டினேன், தலை நான் வாரிவிட்டேன். ஆபீஸிலிருந்து வரப் பத்து நிமிஷம் தாமதமானால் சந்து முனைக்கே வந்து நிற்பார். எல்லாரும் பாவம் ஜான்சி என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன். எனக்கு அந்த எட்டு மாதம் ரொம்பப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விளையாட்டை அவருக்கு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்ததும் நான்தான். கைக்கு ஏதாவது பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கையில் மவுஸ், வலது கையின் இரண்டு விரல்களில் அம்புக்குறிப் பட்டன்கள். முதல் மாதம் டாங்கியைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார், நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. வேகமான டாங்கியை விட்டுவிட்டு, புதருக்குப் பின்னால் காத்திருந்து சுடுகிற டாங்கியை எடுத்தார். அவருடைய பொறுமைக்கு அது பொருந்திப்போனது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத பதினாலு பேருக்கு இந்தியில் வழி சொல்வார். சீலன் பாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் இருந்த யாருக்கும் அவர் கை தெரியாது.

ஒரு காலையில் நான் சட்டையை எடுத்துக்கொண்டு போனால் அவர் ஏற்கெனவே ஒன்றைப் போட்டு, கழுத்துப் பித்தான் வரை மாட்டிக்கொண்டு நின்றார்.

"டென்ஷன் நக்கோ, கவலைப்படாதே ஜான்சி. இனிமே நீ டைமுக்குக் கிளம்பு. என் ஜோலிய நானே பாத்துக்கறேன்" என்றார்.

சந்தோஷப்பட்டேன் என்றுதான் எழுத வந்தேன். இல்லை. ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது அழுதேன்.

நிக்டியிலிருந்து ஷ்ரேயஸ் என்று ஒரு பையன், போட்டிகளுக்குப் போகிற அணியின் கேப்டன், இவர் ஆட்டத்தைக் கவனித்துவிட்டுப் பேசினான். ஹைதராபாத்தில் ஆறு மாதப் பயிற்சி முகாம், தங்க இடம், சாப்பாடு, சம்பளம். நிபந்தனை ஒன்றுதான். அடுத்த முந்நூறு சண்டைகளை, தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக ஆடி, நூற்றுக்கு ஐம்பத்தைந்தாவது ஜெயித்திருக்க வேண்டும். இவர் அப்போது ஐம்பத்தெட்டில் இருந்தார். பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய பை ஒன்று வாங்கி வந்தார், இடது கையாலேயே ஜிப்பைத் திறந்து மூடிக் காட்டினார். மாதம் ஒரு தடவை வருவேன் என்றார். அந்த முகத்தை விபத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன், காசிம் வாசலில் ஹாரன் அடிக்கும்போது இருக்கிற முகம்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நம் சோதனைப் பிரிவில் ஒரு பட்டியல் இருப்பது உங்களுக்கு இப்போது தெரியும். அதில் போட்ட ஆளின் எண்ணை நாம் விரும்புகிற இடத்தில் நிறுத்தி வைக்கலாம். ஜெயித்தாலும் தோற்றாலும் அது நகராது. காகிதத்தில் ஊசி குத்தி வைக்கிற மாதிரி என்பதால் நாங்கள் இதைப் 'பின்' குத்துவது என்போம். சோதனைக்கான பொய்க் கணக்குகளைத்தான் அதில் போட வேண்டும். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில், நான் என் கணவரைப் போட்டேன். அவருடைய எண் ஆயிரத்து அறுநூற்று இருபது. அதை நாலாயிரம் ஆக்கினேன்.

குறைக்கவில்லை, கவனியுங்கள். கூட்டினேன். சர்வர் அவரை மாவீரன் என்று நம்பியது. அவர் பக்கம் நாலாயிரம் ஏற்கெனவே இருப்பதால், மிச்சம் பதினாலு பேரையும் இருப்பதிலேயே நோஞ்சானாகப் பார்த்து அவருக்குக் கொடுத்தது. அன்றைக்குத்தான் விளையாட்டை இறக்கியவர்கள், நெட் விட்டு விட்டு வருகிறவர்கள், டாங்கியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள். திரையில் பார்த்தால் கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் சமம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆள் ஒரு பீரங்கியைத்தான் சுட முடியும். சாதாரணமாக ஒருவர் தோற்றுக்கொண்டே போனால் எண் இறங்கும், இறங்கினால் அவர் பக்கம் நல்ல ஆட்கள் வருவார்கள். அதனால்தான் நம் விளையாட்டில் யாரும் ஒரேயடியாகத் தோற்பதில்லை. அந்த வழியைத்தான் நான் பின் குத்தி அடைத்தேன்.

அவர் தோற்றார். அவர் மத்தியானம் ஆடியதையும் நான் வந்தபின் ஆடியதையும் எனக்குச் சொல்வார்.

"பாரு ஜான்சி, பதினாலு பேரும் ரெண்டே நிமிஷத்துல கதம். எல்லாம் கச்சா லிம்பு. எனக்குன்னே எங்கேர்ந்து வர்றானுங்க?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "உங்க கை கொஞ்சம் லேட்டாகுதோ என்னவோங்க" என்றேன்.

அதை நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆடும்போது திரையைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். கையைப் பார்த்தால் யாருக்குத்தான் குறி தப்பாது? வெந்நீரில் முக்கினார், எண்ணெய் தேய்த்தார், மிச்சமிருந்த இரண்டு விரல்களையும் ரப்பர் பந்தில் அழுத்தி அழுத்தி வீங்க வைத்துக்கொண்டார். நான்தான் வெந்நீர்த் துணியால் ஒற்றிக் கொடுத்தேன். மனசு உறுத்தியது, இருந்தாலும் உண்மையைச் சொல்லாமல் ஒற்றிக் கொடுத்தேன்.

இருநூறு சண்டை முடிந்தபோது ஒருநாள் என்னை நேராகவே கேட்டார்.

"நீ அங்கதானே வேலை பாக்கறே. ஏதாச்சும் செட்டிங்ல கடபட், கோளாறு இருக்குமா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

மறுநாள் பார்த்துவிட்டு வந்த மாதிரி வந்தேன். "பாத்தேங்க. சிஸ்டம் உங்களை ரொம்ப நல்ல பிளேயர்னுதான் வெச்சிருக்கு. அது யாருக்கும் பாரபட்சம் பாக்காது" என்றேன்.

ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அப்போ நான்தான்" என்றார்.

முந்நூறு முடிந்தபோது நூற்றுக்கு முப்பத்தொன்பது. ஷ்ரேயஸ் நல்ல பையன், போனில் சொல்லாமல் வீட்டுக்கே வந்தான். "அடுத்த வருஷம் பார்க்கலாம், தாதா" என்று மராத்தியில் அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டு, அவருடைய வலது கையை முதல் தடவையாகப் பார்த்தான். இவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பையைப் பரண் மேல் நான் ஏற்றி வைத்தேன்.

அன்றைக்கே பின்னை எடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. தினம் நாலைந்து சண்டை, ஒன்றாவது சரியாக வந்துவிடாதா என்று ஆடினார். நான் எடுத்திருந்தால் ஜெயித்திருப்பார், ஜெயித்தால் மறுபடியும் பை கீழே இறங்கும். ஆகவே விட்டுவைத்தேன். பதினோரு மாதம் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. இருக்கும், நான் எண்ணவில்லை.

பிப்ரவரியில் காசிம் ஒரு வேலை கொண்டு வந்தார். சின்ச்வாட்டில் உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்கிற இடம். உட்கார்ந்த வேலை, ஒரு கை போதும், மேனேஜரிடம் பேசியாகிவிட்டது.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் காசிம் பாய். இந்தக் கை கரெக்ட் டைமுக்கு வராது. கேம்லயே தெரிஞ்சு போச்சு. உனக்குத்தான் கெட்ட பேர்" என்றார்.

"அரே, கேமும் வேலையும் ஒண்ணாடா? நீங்களாச்சும் சொல்லுங்க பாபி, அண்ணி சொன்னாக் கேப்பான்" என்று காசிம் என்னைப் பார்த்தார். நான் டீ ஆறிவிடும், குடியுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தான் போடாமல், என் முன்னால் வந்து நின்றார். நான் போட்டுவிட்டேன். இப்போது சாப்பாடும் நான்தான் ஊட்டுகிறேன், இடது கைக்குக் கூட ஸ்பூன் பிடிக்கிற தைரியம் இல்லை. ஆபீஸ் போகிற நாளில் மத்தியானம் பக்கத்து வீட்டம்மா தட்டை வைத்தால் தொட மாட்டார், நான் வருகிற வரைக்கும் பட்டினி. என்னைத் தவிர யாரிடமும் வாங்கிச் சாப்பிடுவதில்லை என்று அந்தம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அவர் பக்கம் விழுந்து தோற்றுப்போன புதியவர்களில் எண்ணூறு பேருக்கு மேல் விளையாட்டையே விட்டுவிட்டார்கள் என்று மனோஜ் கண்டுபிடித்திருக்கிறார். அப்படித்தான் அந்தப் 'பின்' விஷயம் வெளியே வந்தது. அந்த எண்ணூறு பேரிடமும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர்கள் அல்ல.

இன்னும் ஒன்றே ஒன்று. நேற்று மத்தியானம் நம் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து அவருக்கு ஒரு மெயில் வந்தது. அவருடைய போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, பழைய ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் அவரே கொடுத்துவிட்டார். பிழை எங்களுடையது, உங்கள் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, சரியாகப் பிரித்திருந்தால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு ஜெயித்திருப்பீர்கள், ஷ்ரேயஸின் அணிக்கும் இதைத் தெரிவித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல மெயில். இரண்டு தடவை படித்தேன். "யாரு ஜான்சி?" என்று கேட்டார். ரீசார்ஜ் முடியப் போகுதாம் என்று சொல்லி, அழித்துவிட்டேன். ஷ்ரேயஸின் நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறேன்.

மறுபடியும் அனுப்பச் சொல்லாதீர்கள், சார். இப்போதுதான் அவர் மனசு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். அவரை மட்டும் இதில் இழுத்துக் கஷ்டப்படுத்த வேண்டாம்.