நாலு அடுக்குக் கேரியர்

மகள்: கேரியரைத் திறக்காதீங்கப்பா. மூடுங்க.

அப்பா: எங்கே திறந்தேன்? மூடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஆவி உள்ளயே தங்கினா உருளைக்கிழங்கு சொதசொதன்னு ஆயிடும்.

மகள்: இது உண்ணாவிரதப் பந்தல்.

அப்பா: இது சபையோட கூடாரம். போன மழைக்கு நான் தைச்ச ஒட்டு அதோ தலைக்கு மேலேயே தெரியுது. ஜெபக் கூட்டம்னு சொல்லித்தானே என்கிட்ட கிடங்குச் சாவி வாங்கினீங்க?

மகள்: ஜெபமும்தான் பண்றோம்.

அப்பா: பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ் வாசல்லயா? ‘போரை நிறுத்து’ன்னு இவ்வளவு பெரிய தட்டி வச்சா?

மகள்: ஆண்டவருக்குச் சின்ன எழுத்துப் போதும். ஆபீசருக்குக் கண்ணு தெரியணுமே...

காவலர்: வணக்கம் ஐயா. இன்னிக்கும் பன்னெண்டு நாப்பதுக்கு டாண்ணு வந்துட்டீங்க. நோட்டுல ஏத்திடறேன். ‘தகப்பனார் வருகை. கையில் கேரியர். நாலு அடுக்கு.’ உள்ள என்ன இருக்குன்னும் எழுதணும் ஐயா.

மகள்: நேத்து எழுதலையே அண்ணே?

காவலர்: நேத்து... அது... நேத்து பேனா எழுதலை.

அப்பா: எழுதிக்கோங்க. கோழி சூப், அவிச்ச முட்டை, சோறு, உருளைக்கிழங்கு. முப்பது வருஷம் பட்டாளத்துல சமைச்ச கை இது.

காவலர்: கிழங்குக்கு மிளகு தூவியிருக்கா ஐயா? நோட்டுக்குத்தான் கேக்கிறேன்.

மகள்: அண்ணே, நீங்க காவலுக்கு வந்தீங்களா, பந்திக்கு வந்தீங்களா?

காவலர்: நான் ஓரமா நிக்கிறேம்மா. காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது.

அப்பா: அது யாரு, போர்வைக்குள்ள?

மகள்: ஆர்கன் வாசிக்கிற அக்கா. சோர்ந்து படுத்திருக்காங்க.

அப்பா: நாலு நாள் பட்டினிக்குக் குறட்டை பலமா இருக்கே.

காவலர்: நாலு நாளா? இல்லீங்கய்யா, அவங்களுக்கு இன்னிக்குத்தானே மு...

மகள்: அண்ணே! ரோட்டுல லாரி நிக்குது பாருங்க!

காவலர்: எங்கே? லாரியே இல்லையேம்மா.

மகள்: போயிடுச்சு. அப்பா, நீங்க உக்காருங்க. வந்ததுலேருந்து அந்தக் கயித்தோடயே மல்லுக்கட்டறீங்க.

அப்பா: கூடாரத்துக்கு இப்படியா முடிச்சுப் போடுவாங்க? செருப்பு வாருக்குப் போடற முடிச்சு இது. ஒரு காத்து அடிச்சா போர் நிக்காது, பந்தல்தான் விழும். விடு, நான்... சே, வழுக்குது.

மகள்: மூணாவது தடவை வழுக்குது. கை ஏன்பா இப்படி நடுங்குது?

அப்பா: வயசு.

மகள்: போன ஞாயித்துக்கிழமை நற்கருணைப் பாத்திரத்தைத் தூக்கிட்டு நின்னீங்க. ஒரு சொட்டு சிந்தலை. நாலு நாள்ல வயசாயிடுச்சா?

அப்பா: உன்னைப் பெத்தவனுக்கு நாலு நாள் போதும்.

மகள்: ஆனா ஷோக்குக்குக் குறைச்சல் இல்லை. தலைக்கு எண்ணெய், மழமழன்னு முகச்சவரம், பவுடர் வேற. மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி இருக்கீங்க. வீட்ல அம்மா இல்லாதப்போ மட்டும் இந்த அலங்காரமா?

அப்பா: உங்க அக்காவுக்குப் பிரசவம் பார்க்கப் போனவளை ஏன் இழுக்கிறே? போராட்டக்காரியோட அப்பன்னு ஊர் பார்க்குது. பார்க்கிறது பளிச்சுன்னு இருக்கட்டுமே.

மகள்: அம்மா போன் பண்ணினாங்களா?

அப்பா: காலைல. ‘சின்னவ சாப்பிட்டாளா’ன்னு கேட்டா. சாப்பிட்டான்னேன். சபை மூப்பர் வாயால பச்சைப் பொய். எல்லாம் உன்னால.

மகள்: ஒரு வாரம் வாயைக் கட்டினா குறைஞ்சா போயிடுவேன்? நீங்கதானே எப்பவும் தியாகம் தியாகம்னு சொல்லுவீங்க?

அப்பா: இதுக்குப் பேரு தியாகமா? போன தவக்காலத்துல நீ எதை விட்டே?

மகள்: போன்.

அப்பா: எத்தனை நாள்?

மகள்: ...ரெண்டு.

அப்பா: அதுல ஒரு நாள் சார்ஜர் தொலைஞ்சு கிடந்தது. நாங்க பனிமலைல ஆறு நாள் மாட்டிக்கிட்டோம். இருந்தது ஒத்தை ரொட்டி. ஒன்பது பேரு. நான்தான் பங்கு வச்சேன்.

மகள்: போன தடவை ஏழு பேரு.

அப்பா: ரெண்டு பேரு பின்னாடி வந்து சேர்ந்தாங்க.

மகள்: ரொட்டியைக் கேள்விப்பட்டா?

காவலர்: ஐயா, அந்த ரொட்டில வெண்ணெய் ஏதாவது...

அப்பா: நீங்க சும்மா இருங்க தம்பி. இதோ பாரு பாப்பா, பட்டினி தப்புன்னு நான் சொல்லலை. உபவாசம்னு ஒண்ணு இருந்தா அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கணும். பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. முகத்தைக் கழுவி, தலையை வாரி, வயிறு நிறைஞ்சவன் மாதிரி நடமாடணும். நீங்க என்னடான்னா தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் போட்டோ கொடுக்கறீங்க.

மகள்: யாருக்கும் தெரியாம பட்டினி கிடந்தா போர் எப்படிப்பா நிக்கும்?

அப்பா: போட்டோ எடுத்தா நின்னுடுமா?

மகள்: போட்டோவால நிக்காது. இந்த மனுவால ஏதாவது நடக்கலாம். மூணு மணிக்கு ஆபீசர் வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார். போர்முனையில தவணை முடிஞ்ச பசங்களையாவது வீட்டுக்கு அனுப்புங்கன்னு, பெத்தவங்க கையெழுத்து. நம்ம சபையில பன்னெண்டு குடும்பம். பன்னெண்டு பேரும் ஒரே பாட்டுப் பாடறாங்க. ‘மூப்பர் போடட்டும், பின்னாடியே நாங்க போடறோம்.’

அப்பா: அந்தக் காகிதத்தை உள்ள வை.

மகள்: பேனா இதோ இருக்கு.

அப்பா: உள்ள வைன்னேன்.

மகள்: அண்ணன் தவணை எட்டு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சுது. ரெண்டு தடவை நீட்டிட்டாங்க. போன கடுதாசியில என்ன எழுதியிருந்தான்? ‘அப்பா, உங்க சூப் ஞாபகம் வருது.’ அதுக்கு என்ன அர்த்தம்?

அப்பா: பசிக்குதுன்னு அர்த்தம்.

மகள்: வீட்டுக்கு வரணும்னு அர்த்தம்ப்பா! உங்ககிட்ட நேரா கேக்க அவனுக்குப் பயம். அதான் சூப்புக்குள்ள ஒளிச்சு வச்சு எழுதறான்.

அப்பா: அவன் என்னிக்கும் கோழை இல்லை.

மகள்: பட்டாளத்துக்குப் பயப்பட மாட்டான். உங்களுக்குப் பயப்படுவான்.

அப்பா: ...நான் அவனைக் கொடுத்துட்டேன்மா. பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டு, அவன் தோள்ல கை வச்சு, ‘ஆண்டவரே, இவனை எடுத்துக்கொள்ளும்’னு வாய்விட்டுச் சொன்னவன் நான். சபையே எழுந்து நின்னு ஆமென் சொன்னது. இப்போ கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கேக்கச் சொல்றியா? கடைல வாங்கின சட்டையா அது?

மகள்: சபை ஆமென் சொன்னது. அண்ணன் சொன்னானா?

அப்பா: பக்கத்துலதானே இருந்தான்.

மகள்: சொன்னானா?

அப்பா: ...அன்னிக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

மகள்: ஏன் கட்டுச்சுன்னு கேட்டீங்களா?

அப்பா: வெயில்...

காவலர்: மனசு கனத்துப் போனாலும் கட்டும் ஐயா. என் தம்பி ரயில் ஏறுனப்போ எனக்கு...

அப்பா: உங்க தம்பியும் அங்கேதானா?

காவலர்: ஆமாங்கய்யா. ஒரு வருஷம் ஆகப் போகுது. இந்த உடுப்போட நான் மனுவுல கை வைக்க முடியாது. அதான் லாரி இல்லைன்னு தெரிஞ்சும் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

மகள்: அப்பா, ஞாயிறு பள்ளியில நீங்கதான் எங்களுக்கு அந்தக் கதையைச் சொன்னீங்க. மகனைப் பலி கொடுக்க மலை மேல கூட்டிட்டுப் போன தகப்பன் கதை. விறகைப் பையன் தலைல ஏத்தி விட்டு.

அப்பா: ஆமா. கேட்டதும் கொடுக்கத் துணிஞ்சான். அதுக்குப் பேருதான் விசுவாசம்.

மகள்: கதையைப் பாதியிலயே விடறீங்களே. இறங்கும்போது யாரோட இறங்கினான்?

அப்பா: அந்தக் கயித்தை இப்படி நீட்டு.

மகள்: கயிறு இருக்கட்டும், சொல்லுங்கப்பா. ஒத்தையாவா இறங்கினான்?

அப்பா: பையனோடதான்.

மகள்: கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். ‘கொடுத்ததைத் திருப்பி வாங்கிட்டியே, வெக்கமா இல்லையா’ன்னு வானத்துலேருந்து யாராவது கேட்டாங்களா? ஆண்டவரே வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் நீங்க மலை உச்சியிலயே நிக்கறீங்க.

அப்பா: உன்னை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பினதே தப்பு.

மகள்: கொடுக்கணும்னா நம்ம கைல இருக்கிறதைக் கொடுக்கணும்ப்பா. அவன் உயிர் அவனோடது. உங்களோடது இல்லை.

அப்பா: நம்மளோடதுன்னு நம்மகிட்ட என்ன இருக்கு?

மகள்: சோறு இருக்கு. அதைத்தான் நான்...

அப்பா: அதைத்தான் நீ நாலு நாளா கொடுத்துக்கிட்டு இருக்கே. கன்னம் ஒட்டிப் போச்சு. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போச்சு. பாப்பா... ஒரு வாய் சாப்பிடும்மா. அங்க ஒருத்தன் சாப்பிட்டானா இல்லையான்னு தெரியலை. இங்க நீ என் கண்ணு முன்னாடி... எனக்குப் பயமா இருக்குடி. பட்டாளத்துல இருந்த முப்பது வருஷத்துல நான் இப்படிப் பயந்ததில்லை. சூப் மட்டுமாவது குடி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். தம்பியும் திரும்பிக்குவார்.

காவலர்: திரும்பியாச்சுங்க.

மகள்: ஐயோ அப்பா, அழாதீங்க. அப்பா... இங்க பாருங்க. ஒண்ணு சொல்லுவேன். திட்டக் கூடாது.

அப்பா: சொல்லு.

மகள்: கேரியரைத் தூக்கி எறியக் கூடாது.

காவலர்: அதை மட்டும் செய்யாதீங்க ஐயா!

மகள்: நாங்க நாலு பேரு... முறை வச்சுக்கிட்டு இருக்கோம். ஒரு நாளைக்கு ஒருத்தர்தான் பட்டினி. திங்கட்கிழமை என் முறை. இன்னிக்கு வியாழன், ஆர்கன் அக்கா முறை.

அப்பா: செவ்வாய்க்கிழமை நீ...

மகள்: ரொட்டி, முட்டை.

அப்பா: நேத்து?

மகள்: எங்க காலேஜ் ஹாஸ்டல் சாப்பாடு. ...ரெண்டு தட்டு.

அப்பா: இன்னிக்குக் காலைல?

மகள்: விடுங்கப்பா, பட்டியல் எதுக்கு?

அப்பா: அப்போ தினமும் நான் வரும்போது மட்டும் வாடின கீரை மாதிரி இங்க ஏன் உக்காந்திருந்தே?

மகள்: முதல் நாள் என்ன சொன்னீங்க? ‘உங்க தலைமுறை ஒரு வேளை தாங்காது’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போனீங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பன்னெண்டரைக்கு ஓடி வந்து உக்காந்துடுவேன்.

அப்பா: ஒட்டின கன்னம்?

மகள்: உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்பா: அடிப்பாவி!

மகள்: நடிப்புல பாதி உங்க ரத்தம்தான்பா. அது சரி, நாலு நாளா கேரியரை நிறைச்சு எடுத்துட்டு வர்றீங்க. நான் தொடறதில்லை. அந்தச் சாப்பாடெல்லாம் எங்கே போகுது?

காவலர்: நான் ரோட்டைப் பார்க்கிறேம்மா.

மகள்: அண்ணே?

காவலர்: ஐயாதான் தெரு முனையில வச்சுக் கொடுத்துட்டுப் போவார்மா. ‘வீணாக்கக் கூடாது, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க’ன்னு. நானும் மேலிடத்து உத்தரவுன்னு நினைச்சு... பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கேன்.

மகள்: நல்லா இருக்கு! போராடறவ ரெண்டு தட்டு, காவலுக்கு நிக்கிறவர் நாலு அடுக்கு. பேருக்குத்தான் உண்ணாவிரதம், நாலு நாளும் முழுசா யாரும் பட்டினியே இல்லை.

அப்பா: அந்தக் காகிதத்தை எடு.

மகள்: எதுக்கு? கிழிக்கவா?

அப்பா: இறங்கும்போது கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினான்னு சொன்னியே... அந்த இடத்தை இத்தனை வருஷமா நான் மணி அடிக்கிற அவசரத்துல ஓட்டி விட்டுட்டேன். எடு.

மகள்: அப்பா, நிஜமாவா? இந்தாங்க பேனா. இங்கே, முதல் வரியிலயே போடுங்க.

அப்பா: போடறேன். ஆனா முதல்ல கேரியரை இந்தப் பக்கம் தள்ளு. தம்பி, இன்னிக்கு உங்களுக்குக் கிழங்கு மட்டும்தான், மன்னிச்சுக்கோங்க. இந்த நடுக்கத்தோட போட்டா மூப்பர் கையெழுத்துன்னு ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்... நீ திங்கட்கிழமை பட்டினின்னு உக்காந்தே பாரு, அன்னிக்குப் பிடிச்சு இதுவரைக்கும் எனக்கும் வெறும் தண்ணிதான்மா.