பாதையோரம் மருக்கொழுந்து

மணக்கிற செடி வைக்க நினைப்பவர்கள் முதலில் பூவைப் பார்க்கிறார்கள். அது தப்பு. காற்றைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த ஜன்னல் வழியாக உள்ளே போகிறது, யார் மூக்கில் போய் முட்டுகிறது, இது தெரியாமல் குழி தோண்டினால் பக்கத்து வீட்டுக்காரன்தான் மோந்து பார்ப்பான். அவனுக்காக நான் ஏன் தண்ணீர் சுமக்க வேண்டும்?

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன் இன்ஸ்பெக்டர். தோட்டத்திலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும். படித்தவன் இல்லை. தோல் பதனிடும் ஆலையில் ஊறின தோலைச் சுரண்டியே என் காலம் போனது.

என் பெண்டாட்டியைத் தெருவில் மூக்குக்காரி என்பார்கள். பால் திரியப் போவதை முதல் நாளே மோந்து சொல்லிவிடுவாள். மீன் வாங்குகிற பெண்கள் இவளிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். "இதைப் பூனைக்குப் போடு. பூனையும் கொஞ்சம் யோசிக்கும்" என்பாள். வாசலில் ஒரு மணக்கிற செடி வைக்கணும் என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "பூவை வச்சு என்ன, குழம்பா வைக்கப் போறே?" என்று வாயை அடைத்துவிடுவேன்.

பக்கவாதம் வந்து படுத்தாள். ஒரு கையைத் தவிர மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. கடல் தாண்டி இருக்கிற மகள் போனில் முகத்தைப் பார்த்து அழுதாள். பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளையை வைக்கச் சொன்னாள். வைத்தேன். அவள் என் இரும்புப் பெட்டியை இரண்டு தரம் பார்த்தாள். அனுப்பிவிட்டேன். கூலிக்கு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. கூலி இல்லாமல் வருகிறவர்களை அதைவிட நம்புவதில்லை.

அப்புறம் நான்தான். உடம்பு துடைக்கணும், துணி மாற்றணும், புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்கணும். வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நாள் செய்தேன். பிறகு குமட்டியது. தோல் நாற்றம் வேறு ஐயா. அது செத்த மாடு. செத்தது நாறினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கண்ணைத் திறந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷி அப்படி நாறக் கூடாது. நான் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நீளக் கைப்பிடிக் கரண்டியால் எட்ட நின்று கஞ்சி ஊட்டுவேன். பாதி கழுத்தில் வழியும். வழிந்தது அங்கேயே காயும். புரட்டுவதையும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் தோட்டம் போட்டேன். அவள் ஜன்னலை ஒட்டிப் பிச்சி, சம்பங்கி, இரவுராணி. நாற்றம் என் அறைக்கு வராமல் இருந்தால் போதும் என்பதுதான் அப்போது கணக்கு. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆனால் எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு மணக்கிற ஜாதி. நர்ஸம்மா வருவதோ வெயில் ஏறின பிறகு.

"என்ன தாத்தா, ஒரு வாடை அடிக்குதே?"

"எலி செத்துக் கிடக்கும்மா."

"எலி கட்டில்லயா செத்துக் கிடக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவளைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே காசு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. "தினம் கழுவி இந்த மருந்தைத் தடவுங்க. இது பெரிசாச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும். வீட்டுக்குள்ள நுழையும்போதே என் மூக்கு சொல்லிடும் தாத்தா, எப்படிப் பாத்துக்கறாங்கன்னு."

இதை அவள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரி என்றால் கேள்வி. யார் பார்த்துக்கொண்டது, ஏன் இப்படி விட்டாய் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். மகள் ஓடிவருவாள். என் வீட்டில் நின்றுகொண்டு என்னையே குற்றவாளி மாதிரி பார்ப்பாள்.

பூவை நம்புவதை விட்டேன். மருக்கொழுந்து, எலுமிச்சைப் புல், புதினா, இதெல்லாம் இலையே மணக்கிற ஜாதி. கசங்கினால் பகலிலும் மணக்கும். வாசலிலிருந்து படி வரைக்கும் பாதையைக் குறுக்கி, இரண்டு பக்கமும் மருக்கொழுந்தை அடர்த்தியாக நட்டேன். புடவை உரசாமல் ஒருத்தி உள்ளே வர முடியாது. படியின் இடுக்கில் புதினா. மிதித்துத்தான் ஏறணும். கட்டிலுக்கு அடியில் ஒரு தொட்டிப் புதினா. நர்ஸம்மா கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் அதைக் காலால் கசக்கிவிடுவேன். அழுக்குத் துணிக்கு மேலேயே வெளுத்த துணி ஒன்றை விரிப்பேன். அவள் தன் மணத்தைத் தானே சுமந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"உங்க வீட்டுக்கு வந்தா போகவே மனசு வரல தாத்தா. பாட்டி குடுத்து வச்சவங்க. அந்தப் புண்ணு?"

"ஆறிடுச்சும்மா. இப்பதான் குளிப்பாட்டிப் படுக்க வச்சேன்."

அவளுக்கு இன்னும் பல வீடு போகணும். மருந்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். நான் அதை எடுத்துச் சம்பங்கித் தொட்டியில் புதைத்துவிடுவேன். மகள் போனில் செடிகளைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவ்வளவும் அம்மாவுக்காகவா?" என்று மூக்கை உறிஞ்சினாள். "வேற யாருக்கு?" என்றேன். போனில் நாற்றம் போகாது.

ஒரு நாள் என் பெண்டாட்டி அந்த ஒரு கையால் நர்ஸம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, மெதுவாகத் தன் மூக்கில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு அதே கையை இழுத்துத் தன் இடுப்புப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தாள். பலம் போதவில்லை. "பாட்டிக்குப் பூ வேணுமாம்" என்று சிரித்துக்கொண்டே நர்ஸம்மா ஜன்னல் வழியாக ஒரு பிச்சிப்பூவைப் பறித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அவள் அதைக் கீழே போட்டாள். நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அடுத்த தடவை கேட் சத்தம் கேட்டதும், அந்தக் கையைப் போர்வைக்குள் விட்டு இறுக்கிச் செருகிவிட்டேன். அதற்குப் பிறகும் அப்படித்தான்.

அவள் செத்த பிறகு புரட்டிப் பார்த்த டாக்டர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். எலும்பு தெரிந்தது என்று எழுதியிருக்கிறாராம். அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும். புழு வைத்ததும் தெரியும். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆலையிலிருந்து நான் வந்தால் என் மேல் ஊற்றின தண்ணீரே நாறும். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் குழாயடியில் என்னை உட்காரவைத்து முதுகு தேய்த்துவிடுவாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவள் ஒன்றும் பெரிதாகக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாள். நாற்றமெல்லாம் அவளுக்குத் தெரியாது.